காவல்காரன் கை மாறினால்

இந்த இதழில் மிளகாய் வரத்து, பருப்பு விலை, ஜி.எஸ்.டி. படிவம் என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. இந்த மாதம் மூளைக் கட்டியைப் பற்றி எழுதுகிறோம். மண்டிக்காரருக்கு மூளைக் கட்டியில் என்ன கொள்முதல் என்று வணிகப் பெருமக்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

நம்மிடம் இருபத்தாறு வருடம் சரக்கு எடுத்தவர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்தில் மளிகைக் கடை. வாரம் ஒரு தடவை வருவார். பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் புதுச் சிட்டையை நீட்டுவார். கணக்கில் அவரிடம் நாமே தோற்றிருக்கிறோம். நாம் போட்ட பில்லில் தப்பிருந்தால் கல்லாவுக்கு நாலடி தள்ளி நின்றபடியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் 2021ஆம் ஆண்டின் கடைசியில் கொண்டுவந்த சிட்டையில் ஒரே சாமானை மூன்று முறை எழுதியிருந்தார். அடுத்த வாரம் கூட்டல் தப்பு. அதற்கடுத்த வாரம் கடுகைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு, அதன் பெயர் வாயில் வராமல் நின்றார். "வயசாச்சுல்ல அண்ணே" என்று சிரித்தார். அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு.

காலையில் எழுந்தால் தலைவலி, சில நாள் வாந்தி. பித்தம் என்றார்கள். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்திருந்த சமயம் அது. எந்தக் கடையிலும் "நோய் எதிர்ப்புச் சக்தி" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த டப்பாக்கள். நம் கிட்டங்கியிலும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. நல்ல ஓட்டம், நல்ல கழிவு. அதில் ஒரு பெட்டியை நாமே எடுத்து, "தினம் ரெண்டு வேளை பால்ல கலந்து சாப்பிடு தம்பி, தேறிடுவே" என்று கொடுத்தோம். காசு வாங்கவில்லை. அதை ஒரு பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டோம். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். நான்காவது மாதம் கடையில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தார். மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவில் கட்டி. கிளையோபிளாஸ்டோமா என்று பெயர் சொன்னார்கள். மூளையிலேயே உருவாகும் புற்றுக் கட்டிகளில் பெரியவர்களுக்கு அதிகம் வருவதும், மிகக் கடுமையானதும் அதுதான்.

ஆபரேஷன் ஆயிற்று. ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பதினான்கு மாதம் இருந்தார்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் அவர் மகன் நம்மைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டான். "ஐயா, அப்பாவுக்குச் சளி, காய்ச்சல்னு வந்ததே கிடையாது. கொரோனாவுல வீட்டுல எல்லாரும் படுத்தோம், அவருக்கு ஒண்ணும் ஆகல. இவ்வளவு எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்புல இது எப்படி வந்துச்சு? அந்தப் பவுடரை இன்னும் முன்னாடியே குடுத்திருக்கணுமோ?"

நமக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத சரக்கை விற்கக் கூடாது என்று நம் தகப்பனார் சொல்வார். அந்த டப்பாவில் அச்சடித்திருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றே தெரியாமல் லாரி லாரியாக இறக்கி விற்றிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நம் தம்பி மகள் பெங்களூரில் உயிரியல் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம் அந்தப் பையன் கேட்டதைச் சொன்னோம். "பெரியப்பா, இதே விஷயத்தை எங்க ஊர்லயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்று சொல்லி, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து வரி வரியாக விளக்கினாள். நமக்கு விளங்கிய மட்டும் இங்கே எழுதுகிறோம்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மருத்துவ நிறுவனம் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் செட்டிநாட்டிலிருந்தும் ஆட்கள் போய் வருகிற இடம். 1974இல் இப்போதைய வடிவில் அமைந்தது. அதே ஊரில் ஜாம்ஷெட்ஜி டாட்டா கொடுத்த கொடையில் 1909இல் எழுந்த இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. நிம்ஹான்ஸின் மூளை அறுவை நிபுணர் டாக்டர் அறிவழகன், நோய்க்கூறு நிபுணர் டாக்டர் வாணி சந்தோஷ், அறிவியல் கழகத்துப் பேராசிரியர் குமாரவேல் சோமசுந்தரம் ஆகியோரும் உடனுழைத்தவர்களும் சேர்ந்து செய்த வேலை 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று.

அவர்கள் செய்தது இது. இதே கிளையோபிளாஸ்டோமா வந்த 123 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே முறையில் சிகிச்சை. ஆபரேஷனில் எடுத்த கட்டித் துண்டில் 175 மரபணுக்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். பிறகு யார் எத்தனை காலம் இருந்தார்கள் என்று தொடர்ந்து கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். 175இல் 14 மரபணுக்களின் அளவைக் கொண்டு ஒரு மதிப்பெண் போட்டால், யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. நாற்பது வருடம் மண்டி நடத்தியவனுக்கு இது புரியாத சங்கதியல்ல. ஒரு கடை நொடிக்கப் போகிறதா என்று பார்க்க எல்லாச் சரக்கையும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டோம். எண்ணெய், சர்க்கரை, பருப்பு என்று சில சாமான்களின் கொள்முதல் எப்படி இறங்குகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தங்கள் கணக்கு தங்கள் நோயாளிகளுக்கு மட்டும் பொருந்துகிறதா என்ற சந்தேகம் வரக் கூடாது என்று, அமெரிக்காவில் சேர்த்து வைத்துள்ள வேறு நோயாளிகளின் கட்டி விவரங்களிலும் போட்டுப் பார்த்தார்கள். அங்கும் பொருந்திற்று. அடுத்த தராசில் வைத்தும் அதே எடை வந்தால்தானே எடை.

நம்மைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விஷயம். ஆபத்து அதிகமுள்ள பிரிவுக்கும் குறைவான பிரிவுக்கும் என்னதான் வித்தியாசம் என்று துருவிப் பார்த்தார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களின் கட்டியில்தான் அழற்சி தொடர்பான, நோய் எதிர்ப்புத் தொடர்பான மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. எதிர்ப்புச் சக்தியின் ஆரவாரம் எந்தக் கட்டியில் அதிகமோ, அந்தக் கட்டிக்காரர் சீக்கிரம் போகிறார்.

"தப்பாப் படிக்கிறேம்மா நீ" என்றுகூடச் சொல்லிவிட்டோம். அவள் சிரித்துவிட்டு மறுபடி படித்துக் காட்டினாள். இதனால்தான் நோய் கடுமையாகிறது என்று அந்த ஆராய்ச்சி தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றே சொல்கிறது. ஆனால் ஏன் அப்படி இருக்கக்கூடும் என்பதற்கு உலகம் முழுவதும் நடந்த வேறு ஆராய்ச்சிகளில் விடை கிடைத்து வருகிறது.

நோய் எதிர்ப்புச் சக்தி என்பது டப்பாவிலிருந்து ஊற்றி நிரப்பும் எண்ணெய் அல்ல. அது ஒரு பெரிய காவல் படை. அதில் பல பிரிவுகள். அழுக்கையும் செத்த அணுக்களையும் விழுங்குகிறவை ஒரு வகை. இவற்றைப் பெருவிழுங்கி அணுக்கள் என்கிறார்கள். எதிரியை அடையாளம் கண்டு கொல்கிறவை டி அணுக்கள். அந்தக் கொல்கிறவை வரம்பு மீறி நம் உடம்பையே அடிக்காமல் கட்டுப்படுத்துகிற டி அணுக்கள் தனி. இந்தக் கட்டுப்படுத்தும் படையைப் பற்றிக் கண்டறிந்ததற்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்காவின் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அடிப்பது மட்டுமல்ல, அடக்குவதும் எதிர்ப்புச் சக்தியின் வேலைதான். எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்கிவிட்டால் நல்லது என்று எண்ணுவது, கடையில் வேலையாட்களோடு சாவியைத் திருடுகிறவனுக்கும் சேர்த்துச் சம்பளம் கூட்டிக் கொடுப்பது போல.

மூளைக் கட்டி செய்கிற தந்திரம் இங்கேதான் இருக்கிறது. அது சில இரசாயனங்களை விட்டு இந்த விழுங்கி அணுக்களைத் தன் பக்கம் வரவழைக்கிறது. சண்டை போட வந்தவை, வந்த இடத்தில் குணம் மாறிவிடுகின்றன. கட்டிக்குப் புது இரத்தக் குழாய் வளர உதவுகின்றன. அது பக்கத்து இடங்களுக்குப் பரவ வழி செய்கின்றன. டி அணுக்கள் நெருங்கினால் மட்டுப்படுத்துகின்றன. வெட்டி எடுத்த ஒரு கட்டியில் மூன்றில் ஒரு பங்கு இந்த அணுக்களாகவே இருப்பதுண்டாம். கிட்டங்கியில் களவு நடக்கிறது என்று போய்ப் பார்த்தால், மூட்டை தூக்கிக் கொடுக்கிறவனே நாம் வைத்த காவல்காரன் என்றிருந்தால் எப்படி? அங்கே விளக்கும் சத்தமும் ஆள் நடமாட்டமும் அதிகமாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவன் காவல் பலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

கொல்லும் படையான டி அணுக்கள் என்ன ஆயின? இந்த நோயாளிகளுக்கு இரத்தத்தில் அவை குறைந்துபோவதை டாக்டர்கள் வெகுகாலமாகக் கண்டிருந்தார்கள். மருந்தினால் என்று நினைத்தார்கள். 2018இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், சிகிச்சை தொடங்காதவர்களிடமும் அவை குறைந்திருப்பதையும், எலும்பு மஜ்ஜைக்குள் அடைபட்டுக் கிடப்பதையும் கண்டுபிடித்தார்கள். எலும்பை விட்டு வெளியேறுவதற்கு டி அணுவின் மேல் ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி உள்ளே இழுக்கப்பட்டுவிடுகிறது. படை இருக்கிறது, பாசறையை விட்டு வரவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கட்டியைச் சுற்றி மூளை வீங்கும். வீக்கம் உயிருக்கே ஆபத்து. அதைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். அது நோய் எதிர்ப்பு வேலையைக் குறைக்கிற மருந்து. நம் நண்பருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள், இரண்டே நாளில் தலைவலி நின்று எழுந்து உட்கார்ந்தார், தோசை கேட்டார். டாக்டர் வீக்கத்தைக் குறைக்க ஒரு பக்கம் எதிர்ப்பை அடக்கிக்கொண்டிருக்க, வீட்டார் அதே தட்டில் நாம் கொடுத்த பவுடரையும் வைத்து எதிர்ப்பைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பவுடர் கெடுதல் செய்ததென்று சொல்லவில்லை. அதில் சுக்கும் மிளகும் அதிமதுரமும் இருந்தன. நம் அடுப்படியில் இருப்பவைதான். ரசத்தில் போட்டால் ருசி. மூளைக் கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வளவே.

மூளையைப் பற்றிப் பழைய எண்ணம் ஒன்றும் இருந்தது. பிரிட்டனில் பீட்டர் மெடாவர் என்ற அறிஞர் 1948இல், முயலின் மூளைக்குள் வேறு முயலின் தோலை வைத்தால் உடம்பு அதை உடனே நிராகரிப்பதில்லை என்று காட்டினார். அதிலிருந்து, மூளை காவல் படைக்கு வெளியே இருக்கும் தனி அரண்மனை என்றே பல காலம் எண்ணினார்கள். 2015இல் மூளையைச் சுற்றிய உறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் எலிகளில் தெளிவாகக் காட்டினார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளைப் போல, முகப்பில் பூட்டு தொங்கினாலும் பின்கட்டு வழியே போக்குவரத்து இருந்துகொண்டுதான் இருக்கிறது. வழி இருப்பதால் அந்தப் படையைக் கட்டிக்கு எதிராகத் திருப்பலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது.

அந்த முயற்சிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று விசாரித்தோம். டி அணுக்களுக்குப் போட்ட கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்துக்கு வழி காட்டியவர்கள் ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும். 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். தோல் புற்று, நுரையீரல் புற்று சிலவற்றில் அது பெரிய மாறுதலைச் செய்தது. அதே வகை மருந்தைத் திரும்ப வந்த கிளையோபிளாஸ்டோமாவுக்குப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் கூடவில்லை. கடிவாளத்தை அவிழ்த்தாலும் குதிரை லாயத்திலேயே இருந்தால் என்ன செய்வது.

நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, கட்டியை அடையாளம் காணும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி என்ற முறையும் உண்டு. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் மூன்று மூளைக் கட்டி நோயாளிகளுக்கு இதைச் செய்து, சில நாட்களிலேயே கட்டி சுருங்கியதாக 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆனால் அவர்களில் இருவருக்கு அது நிலைக்கவில்லை, கட்டி திரும்பவும் தலைகாட்டியது. நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்து, 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தொடங்கி வைத்தார். வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு அளவு என்பது நமக்குப் பெருமை. ஆனால் அது சில வகை இரத்தப் புற்றுக்கு. மூளைக் கட்டிக்கு அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், "எதிர்ப்புச் சக்தி வைத்தியம், பம்பாயில் வந்துவிட்டது, மூளைக் கட்டிக்கும் உண்டு" என்று சொல்லி முன்பணம் கேட்ட ஒரு தரகர் நம் நண்பர் வீட்டுக்கே வந்துபோனார். மகன் நிலப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டான். நல்லவேளை, தாயார் தடுத்துவிட்டார்.

ஆக இன்றைக்கும் இந்தக் கட்டிக்கு அடிப்படைச் சிகிச்சை ஆபரேஷன், கரண்டு, டெமோசோலமைடு மாத்திரை என்ற மூன்றுதான். கரண்டோடு அந்த மாத்திரையும் சேர்ந்தால் சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகிறது என்று 2005இல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. இரண்டரை மாதம்தானா என்று நமக்கும் தோன்றிற்று. தம்பி மகள் இன்னொரு கணக்கைக் காட்டினாள்: இரண்டு வருடம் தாண்டி இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்தது இருபத்தாறு பேராயிற்று. சராசரியை மட்டும் பார்த்து வியாபாரத்தை எடை போடக் கூடாது என்பது நமக்குத் தெரியாததா.

இவ்வளவு மெதுவாகவா நகரும் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. நம் ஊருக்கு ஆராய்ச்சி புதிதல்ல. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில்தான் திறந்தார்கள். கட்டடத்துக்கே அத்தனை காலம் பிடித்தது; அதற்குள் நடக்கும் வேலை எந்த வருடம் பலன் தரும் என்று அழகப்பர் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நமக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியை மதுரை டாக்டரிடமே போய்க் கேட்டோம். பவுடரை நம்பிக் கடத்திய மூன்று மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர் மழுப்பவில்லை. "பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாது. ஆனா பேச்சு நல்லா இருக்கும்போதே ஆபரேஷனுக்கு வந்திருக்கலாம். வீட்டுல சொல்ல வேண்டியதைத் தன் வாயால சொல்லியிருக்கலாம்" என்றார். எல்லாத் தலைவலியும் கட்டி அல்ல, மிகப் பெரும்பாலானவை அல்ல என்றும் சொன்னார். ஆனால் காலையில் கடுமையாக வரும் புதுத் தலைவலி வாந்தியோடு சேர்ந்தால், பேச்சு தடுமாறினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், முன்பு வராத வலிப்பு வந்தால், கணக்கில் கெட்டியான ஆள் கூட்டலில் தப்பு விட்டால், நாள் கடத்தாமல் காட்ட வேண்டும் என்றார். கடைசியில் சொன்னதை நம் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டத்தில், இன்னின்ன நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாதென ஒரு பட்டியல் உண்டு. புற்றுநோய் அதில் இருக்கிறது. மூளை நோய்களும் இருக்கின்றன. விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டுமல்ல, நோட்டீசும் லேபிளும் அதில் சேர்த்தி. கம்பெனிக்காரன் கொடுத்த அட்டையைக் கடை வாசலில் தொங்கவிடும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள். நம் கிட்டங்கியில் "புற்று அணுக்களை அழிக்கும்" என்று சின்ன எழுத்தில் போட்ட சரக்கு ஒன்று கிடந்தது. திருப்பி அனுப்பினோம். கழிவு போயிற்று, ஏஜெண்டுக்கு நம் மேல் வருத்தம், இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சுக்கு, மிளகு, மஞ்சள் எப்போதும்போல மூட்டையில் விற்கிறோம்.

அந்தப் பையனுக்கு நம் பதிலைச் சொன்னோம். சளி பிடிக்காத உடம்பு என்பது ஒரு கணக்கு, மூளைக்குள் ஓர் அணு தடம் மாறுவது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத முடியாது. அப்பா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்த நோய் இது என்று காட்ட ஒரு சான்றும் இல்லை. முன்னாடியே பவுடர் கொடுத்திருந்தாலும் ஆகியிருக்காது. மூன்று மாதம் கடந்ததில் நம் பங்கும் இருக்கிறது, அதை நாம் மறைக்கவில்லை. அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் அப்பாவின் கடன் நோட்டை எடுத்து வந்து நம் முன் வைத்தான்.

யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவரால் கடைசி வரை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. 2021 அக்டோபர் வரை முத்து முத்தாக எழுத்து. அதற்குப் பிறகு பெயருக்கு நேரே தொகை இல்லை. தொகைக்கு நேரே பெயர் இல்லை. சில பக்கங்களில் ஒரே பெயர் மேலிருந்து கீழ் வரை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாமும் நம் கணக்குப்பிள்ளையும் அந்தக் கடையில் உட்கார்ந்து, நம் பேரேட்டில் அவர் எடுத்த சரக்கையும் அந்த நோட்டையும் ஒத்துப் பார்த்தோம். ஊர்க்காரர்கள் தாங்களாகவே வந்து "எனக்கு இவ்வளவு நிக்கும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். நோட்டில் பெயரே இல்லாத ஒரு ஆச்சி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த நானூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஏழு பக்கம் பாக்கி இருக்கிறது.